சின்னம்மாவின் வெள்ளை ஹெல்மெட்

போன வாரம் பத்திரிகையை மூடிவைக்கும்போது, மாலதி அன்றைக்கு ராத்திரி தூங்கினாளா என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். தூங்கவில்லை. தனக்குத் தெரியாமலே ஆறு மாதமாகத் தான் ஒரு வேலையில் இருப்பதாகச் சாப்பாட்டு நேரத்தில், கையில் சாம்பார் வாளியோடு நிற்கும்போது தெரியவந்தால் யாருக்குத் தூக்கம் வரும்?

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாலதியின் மாமனார் நாறும்பூநாதன் சங்கரன்கோவிலில் பேர் பெற்ற கான்ட்ராக்டர். கொத்தனாராக இருந்து மேலே வந்தவர். ராஜபாளையம் ரோட்டில் அரசுப் பணத்தில் எழும்பும் மாணவியர் விடுதிதான் அவர் இதுவரை எடுத்ததிலேயே பெரிய வேலை. அந்த ஒப்பந்தத்தில் சில நிபந்தனைகள் இருந்தன. சூப்பர்வைசர்களில் ஒருவராவது படித்த பெண்ணாக இருக்க வேண்டும். கொத்தனார் வேலையிலும் பெண்களைச் சேர்த்துப் பழக்க வேண்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி.

நாறும்பூநாதன் யோசித்துப் பார்த்தார். வீட்டில் சிவில் டிப்ளமோ முடித்த மருமகள் இருக்கிறாள். பீரோவைத் திறந்து அவளுடைய சர்டிபிகேட்டை எடுத்தார், ஜெராக்ஸ் போட்டார், சூப்பர்வைசர் தயார்.

கல்யாணமான புதிதில் மாலதி வேலைக்குப் போகிறேன் என்று கேட்டபோது, "நம்ம வீட்டுப் பொம்பளைக வேலைக்குப் போறதில்ல" என்று சொன்னதும் இதே மனிதர்தான். அதையும் அவளிடம் சொல்லவில்லை. மாமியார் நெல்லையம்மாளிடம் சொன்னார்.

அந்த வீட்டு வழக்கம் அப்படி. மாமனார் மருமகளோடு நேருக்கு நேர் பேச மாட்டார். அவள் பேரும் அவர் வாயில் வராது. காபி டம்ளரோடு அவள் எதிரில் நின்றாலும், "சிவா வீட்டுக்காரிகிட்ட சீனியக் கொறைக்கச் சொல்லு" என்று மனைவியைப் பார்த்துத்தான் சொல்வார். நெல்லையம்மாள் திரும்பி, "சீனி கொறைக்கணுமாம்ட்டி" என்பாள். மாலதிக்கு எல்லாமே இரண்டு தடவை கேட்கும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. மரியாதை என்றால் இப்படித்தான் என்று அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

இன்றைக்குச் சென்னையிலிருந்து ஆபீசர் வருகிறார். ஒப்பந்தத்தில் சொன்னபடி பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கிற ஆபீசர். அதனால் பேரளவில் இருந்த சூப்பர்வைசருக்கு இன்று ஒரு நாள் ஆளும் தேவைப்பட்டது.

*

காலையில் நெல்லையம்மாள் ஒரு பட்டுச்சேலையோடு வந்தாள்.

"இதக் கட்டிக்கச் சொல்லுதாக."

மாலதி அறையிலிருந்து வெளியே வந்தபோது பருத்திச் சுடிதார் போட்டு, துப்பட்டாவை இடுப்போடு முடிந்து, காலில் பாலிடெக்னிக் காலத்து ஷூ மாட்டியிருந்தாள். ஷூவைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டவே கொஞ்ச நேரமாகிவிட்டது.

"என்னட்டி கோலம் இது?"

"சேலை தட்டும் அத்தை. சாரத்துல ஏறணும்லா."

"நீ எதுக்கு ஏறப் போற? ஒரு மணி நேரம் சேர்ல உக்காந்துட்டு வரப் போற."

மாலதி ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினாள். ராத்திரி முழுக்க அவள் யோசித்தது அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான்.

புருஷன் சிவபிரசாத் அவளைப் பைக்கில் சைட்டுக்குக் கூட்டிப்போனான். பஸ் ஸ்டாண்டு நெரிசலில் வண்டி மெதுவானபோதுதான் வாயைத் திறந்தான்.

"கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு, மாலதி."

"எதுக்கெல்லாம் ஆமா சொல்லணும்?"

"எல்லாத்துக்கும்."

"ஆறு மாசமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அப்பா சொல்ல வேண்டாம்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் ஹாரன் அடித்தான். நெரிசல் தாண்டியிருந்தது, முன்னால் யாரும் இல்லை.

"இங்க பாரு," என்றான் கொஞ்ச தூரம் போனபிறகு. "வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்கு. பில்லு நின்னுட்டா நாம தெருவுலதான் நிக்கணும். அப்பா ராத்திரி பகலா கஷ்டப்பட்டு உண்டாக்கினது. உனக்குக் கோவம் இருந்தா எங்கிட்ட சண்டை போடு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்..."

சிவபிரசாத் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் மாலதிக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும். அவனுடைய முதுகில் சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

*

சைட்டில் நாறும்பூநாதன் வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். நீலச் சாமியானாவுக்குக் கீழே இரண்டு நாற்காலி, ஒரு மேசை, சீவி வைத்த இளநீர். மருமகளின் சுடிதாரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். மகனிடம் ஒரு வெள்ளை ஹெல்மெட்டை நீட்டினார்.

"போட்டுக்கச் சொல்லு."

தொழிலாளிகளுக்கு மஞ்சள், சூப்பர்வைசருக்கு வெள்ளை. ஹெல்மெட் அவ்வளவு புதிதாக இருந்ததால் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மாலதி உறையோடு அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி நடந்தாள். உட்காரச் சொன்ன நாற்காலி அவளுக்குப் பின்னால் காலியாகக் கிடந்தது.

கிழக்குப் பக்கம் ஒரு சுவர் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அதன் பக்கத்தில் ஒரு பெண் கையில் கொத்தனார் கரண்டியோடு நின்றாள். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை. கரண்டியை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாதவளைப்போல மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கான்ட்ராக்டர் வீட்டுச் சின்னம்மா நீங்கதானா?" என்றாள்.

"ஆமா."

"நல்லதாப் போச்சு. ஒங்களத் தெனமும் பாக்கோம்னு சொல்லணுமாம். ஒரு தடவயாச்சும் பாத்துட்டா சொல்ல வசதியா இருக்கும்லா."

மாலதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பேர் செண்பகவல்லி. கட்டட வேலைக்கு வருவதற்கு முன்னால் விசைத்தறிக் கூடத்தில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தவள். தறி நின்றுபோனதும் சித்தாளாக வந்து கல்லும் மண்ணும் சுமக்கிறாள். கூடவே அதே சட்டியை அதே சாரத்தில் சுமக்கிற ஆண் கையாளுக்குக் கூலி கூட.

"சுவர் கட்டத் தெரியுமா உங்களுக்கு?"

"பாத்துப் பாத்துக் கொஞ்சம் வரும். ஆம்பளைக டீக்குப் போற நேரம் பாத்ரூம் சுவர்ல ரெண்டு வரி வச்சிப் பாத்திருக்கேன். வந்து பாத்துட்டு இடிச்சிட்டு அவுகளே கட்டுவாக." கரண்டியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கலாமா சின்னம்மா?"

"கேளுங்க."

"இது நாளைக்கும் எங் கையில இருக்குமா?"

"ஏன் இருக்காது?"

"ஆபீசர் மேடம் போனதும் கழுவிக் குடுத்துரணும்னு பொன்னுச்சாமி அண்ணாச்சி சொல்லிட்டாரு."

மாலதி தன் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். உறை பிரிக்காமல் கொடுத்ததன் காரணம் இப்போது புரிந்தது. இதையும் ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்துச் சுருட்டி எறிந்துவிட்டு, ஹெல்மெட்டைத் தலையில் வைத்து வாரை இறுக்கினாள்.

*

ஆபீசர் பேர் ஷெர்லி. நாறும்பூநாதன் எதிர்பார்த்தபடி இளநீர் குடிக்கிற ஆபீசர் அல்ல. ஜீப்பிலிருந்து இறங்கியதும் நாற்காலியைத் தாண்டி நேராகச் சாரத்தடிக்குப் போனார். நாறும்பூநாதன் பின்னாலேயே போனார்.

"நீங்க இங்கயே இருங்க சார். நான் ஆட்கள்கிட்ட தனியா பேசணும்."

சார் அங்கேயே நின்றார். ஆனால் காது முழுக்க அந்தப் பக்கம்தான். மாலதி சுவரோரமாக நின்றாள். அவளுக்கும் கேட்டது.

தலைமைக் கொத்தனார் பொன்னுச்சாமி நன்றாகத் தயாராகியிருந்தார். இருபது வருஷமாக நாறும்பூநாதனோடு இருக்கிறவர். சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். பெண்களுக்குக் கரண்டி வேலை உண்டு. கூலி ஒரே கூலி. சூப்பர்வைசரம்மா தினமும் காலையில் வந்துவிடுவார்கள். தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார்கள். கோணல் இருந்தால் இடிக்கச் சொல்வார்கள்.

"ரொம்ப கண்டிப்போ?"

"ரொம்பக் கண்டிப்பு மேடம். எங்களுக்கெல்லாம் பயம்தான்."

"அவங்க பேர் என்ன?"

பொன்னுச்சாமி வாயைத் திறந்தார். அப்படியே நின்றார்.

"சின்னம்மா," என்றார்.

"அது கூப்பிடறது. பேர்?"

பொன்னுச்சாமி பக்கத்திலிருந்த கொத்தனாரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். செண்பகவல்லி கரண்டியைப் பார்த்தாள். இத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? என்ன வேலை பார்ப்பாள், எப்போது வருவாள், எப்படிக் கண்டிப்பாள் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்த நாறும்பூநாதன், பேரை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. அவர் வாயில் வராத ஒன்றை அவர் எப்படிச் சொல்லிக்கொடுப்பார்?

ஷெர்லி திரும்பி வந்தார்.

"உங்க சூப்பர்வைசரைக் கொஞ்சம் கூப்பிடுங்க சார்."

மாலதி பத்தடி தள்ளித்தான் நின்றாள். நாறும்பூநாதன் தொண்டையைச் செருமினார். "இந்தாம்மா" என்று ஆரம்பித்து நிறுத்தினார். அப்புறம் மகனைத் தேடினார். சிவபிரசாத் கேட் பக்கம் தண்ணி லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான், அல்லது பேசுவதுபோல நின்றுகொண்டிருந்தான். நாறும்பூநாதன் வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தார்.

"ஏலே சிவா," என்றார் உரக்க. "உன் வீட்டுக்காரிய வரச் சொல்லு."

ஷெர்லி சிரிக்கவில்லை. அவர் பேச்சு ஊர்ப் பேச்சாக மாறியது.

"நான் நாசரேத்துக்காரி அண்ணாச்சி, இந்தப் பக்கந்தான். எங்க அப்பாவும் மருமக பேரச் சொல்ல மாட்டாக. அது வீட்டு வழக்கம், அதுல நான் குத்தம் சொல்லல. ஆனா இது வீடு இல்ல. இது அரசாங்கத்துக் கட்டடம்."

நாறும்பூநாதனின் முகம் செத்துப்போயிற்று. மாலதி அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. நேற்று ராத்திரி இந்த மனிதர் தலைகுனிய வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டாள். இப்போது குனிந்து நிற்கிறார், அவளால் பார்க்க முடியவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் ஷெர்லி அவளிடம். "எத்தன நாளா இங்க வேலை பாக்கீங்க?"

ஆமா என்று சொல்லச் சொன்னார்கள். ஆனால் இது ஆமா என்று சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை. ஆறு மாதம் என்று சொன்னால், பொன்னுச்சாமி பேரைச் சொல்லத் திணறியதைக் கூச்சம் என்று தள்ளிவிடலாம். பில் வந்துவிடும். வீட்டுப் பத்திரம் பிழைக்கும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் காபி போடலாம். சுவரடியில் செண்பகவல்லியும் கரண்டியைக் கழுவிக் கொடுத்துவிடுவாள்.

இல்லை என்று சொல்லிவிட்டால் கான்ட்ராக்ட்டே போய்விடும். அப்போது இங்கே யாருக்கும் வேலை இருக்காது, செண்பகவல்லி உட்பட.

மாலதிக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

"ஆறு மாசமா என் பேருதான் மேடம் வேலை பாத்துச்சு," என்றாள். "நான் இன்னைக்குத்தான் வந்திருக்கேன். என் பேரு மாலதி. இனிமே தெனமும் வருவேன்."

கேட் பக்கம் சிவபிரசாத் பேச்சை நிறுத்தியது அவளுக்குத் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஷெர்லி நேராக அரைச் சுவரடிக்குப் போனார். செண்பகவல்லியை ஒரு வரி கட்டச் சொன்னார். அவள் கலவையை அள்ளிப் போட்டு, வரிசைக்கு இழுத்துக் கட்டியிருந்த நூலைப் பார்த்து, கல்லை வைத்துத் தட்டினாள். முதல் இரண்டு கல் சரியாக உட்கார்ந்தது. மூன்றாவது நூலை விட்டு வெளியே வந்தது. நாலாவது அதைவிட வந்தது. பொன்னுச்சாமி பொறுக்க முடியாமல் கையை நீட்டி, "உள்ள தட்டுட்டி, உள்ள" என்றார். செண்பகவல்லி தட்டினாள். கல் நூலுக்கு வந்தது.

"இதுதான் பழக்கறது," என்றார் ஷெர்லி. "இத ஆறு மாசத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சிருந்தா இவங்க இப்ப கொத்தனார்."

போகிறபோது நாறும்பூநாதனிடம் தெளிவாகச் சொன்னார். பொய்க்கணக்கு என்று எழுதினால் கான்ட்ராக்ட் இன்றே ரத்தாகும். மருமகள் உண்மையைச் சொன்னதால் ஒரு வாய்ப்பு தருகிறார். அடுத்த மாதத்துக்குள் மறுபடி வருவார், சொல்லாமல் வருவார். அன்றைக்குப் பெண் சூப்பர்வைசர் சைட்டில் இருக்க வேண்டும். பெண்கள் கரண்டி பிடித்து வேலை செய்ய வேண்டும். ஒரே வேலைக்கு ஒரே கூலி அவரவர் கையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதுவரை பில் நிற்கும்.

இளநீர் சீவினபடியே வெயிலில் இருந்தது.

*

ஜீப் போனதும் நாறும்பூநாதன் யாரையும் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். சிவபிரசாத் அவளிடம் வந்தான்.

"வா, வீட்டுல விட்டுருதேன்."

"சாயங்காலம் வாங்க."

"மாலதி."

"தெனமும் வருவேன்னு சொல்லிட்டு மொத நாளே பாதியில போகச் சொல்லுதீங்களா?"

அவன் பைக்கைக் கிளப்பிய வேகத்தில் கேட் வரைக்கும் புழுதி எழும்பியது.

பொன்னுச்சாமி செண்பகவல்லியிடம் கையை நீட்டினார். "கொண்டா."

"அது அவங்க கையிலயே இருக்கட்டும் அண்ணாச்சி," என்றாள் மாலதி. "நாளைக்கு இந்தச் சுவர அவங்க கட்டட்டும். நீங்கதான் கூட நின்னு சொல்லிக் குடுக்கணும். வாங்குத கூலியும் இனி கரண்டிக் கூலிதான்."

"சின்னம்மா, நான் கான்ட்ராக்டர் அண்ணாச்சி சொல்லுதத மட்டும் கேக்கவன்."

"என் பேரு மாலதி."

"சரி, சின்னம்மா."

அவர் கிண்டல் பண்ணவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம்.

சாப்பாட்டு நேரத்தில் செண்பகவல்லி கருவைக்காட்டுப் பக்கம் போவதைப் பார்த்து, எங்கே என்று கேட்டாள் மாலதி. செண்பகவல்லி கூச்சத்தோடு கையைக் காட்டினாள். பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டியிருப்பதாக மாமனார் அரசாங்கத்துக்குப் போட்டோ அனுப்பியதை நேற்று ராத்திரி வீட்டில் பேசிக்கொண்டது மாலதிக்கு ஞாபகம் வந்தது. அதைத் தேடிப் போனாள். இருந்தது. பீங்கான் பதித்து, கதவு போட்டு, நன்றாகவே இருந்தது. உள்ளே கூரை வரைக்கும் சிமெண்ட் மூட்டை.

"மழையில நனையக் கூடாதுல்லா," என்றான் ஒரு கையாள்.

"மாடிப்படிக்குக் கீழ அடுக்குங்க. தார்ப்பாய் போட்டு மூடுவோம்."

கையாட்கள் பொன்னுச்சாமியைப் பார்த்தார்கள். பொன்னுச்சாமி பீடி பற்றவைத்தார். ஒருவரும் நகரவில்லை. மாலதி துப்பட்டாவை இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டு முதல் மூட்டையின் ஒரு நுனியைப் பிடித்தாள். பாலிடெக்னிக்கில் மூட்டை தூக்கச் சொல்லித்தரவில்லை, அது அசையவே இல்லை. செண்பகவல்லி வந்து மறுநுனியைப் பிடித்தாள். அப்புறம் மற்றச் சித்தாள்களும் வந்தார்கள். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் அறை காலியாகிவிட்டது. கழுவித் தள்ளி, உள்பக்கம் தாழ்ப்பாள் விழுகிறதா என்று மாலதியே போட்டுப் பார்த்தாள்.

சாயங்காலம் சிவபிரசாத் வரவில்லை. அவள் டவுன் பஸ் ஏறினாள். மடியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த அவளைக் கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். இடுப்பு வலித்தது, உள்ளங்கை எரிந்தது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

*

வீட்டில் டிவி ஓடவில்லை. பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நாறும்பூநாதன் ஹாலில் உட்கார்ந்திருந்தார். சிவபிரசாத் ஜன்னலோரம் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். நெல்லையம்மாள் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில், வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றாள்.

மாலதி ஹெல்மெட்டைச் சாமி படத்துக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினாள்.

"மாலதி."

அவள் திரும்பினாள். கூப்பிட்டது மாமனார்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவை. அவள் பேரை அவர் சரியாகச் சொன்னார், கொஞ்சம் மெதுவாக, எழுத்துக் கூட்டுகிறவரைப்போல. மாலதிக்கு நெஞ்சில் ஏதோ பொங்கிவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான். அந்த ஒரு நொடியில் அவர் என்ன கேட்டாலும் கொடுத்திருப்பாள்.

"ராஜினாமா எழுதிக் குடுத்துரும்மா," என்றார் அவர்.

தறிச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

"திருநெல்வேலியில பி.இ. படிச்ச ஒரு பிள்ள இருக்காம். சம்பளம் குடுத்து வச்சிக்கிடுதேன். அந்த மேடம் கேட்டதும் அதுதான. நீ சொன்னதுல நான் கோவிச்சுக்கிடல. நடந்தது நடந்துபோச்சு. ஆனா நம்ம வீட்டுப் பிள்ள வேட்டியும் பீடியுமா நிக்கவனுக மத்தியில நின்னு மூட்ட தூக்குதான்னு மத்தியானமே எனக்கு நாலு போன் வந்துட்டு."

அவர் குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது.

"அடுத்த வீட்டுப் பிள்ள நிக்கலாமா மாமா?"

"அது அவுக வீட்டுப் பாடு."

"சைட்டுல இருக்க பொம்பளைக எல்லாருமே யாராவது ஒரு வீட்டுப் பிள்ளதான." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்த அக்கா கரண்டிய வீட்டுக்குக் கொண்டு போயிருக்காங்க மாமா. நாளைக்கும் அது அவங்க கையில இருக்கும்னு நான் சொல்லியிருக்கேன். புதுசா வாரவங்களுக்கு அது தெரியாது. பொன்னுச்சாமி அண்ணாச்சி காலையிலயே வாங்கி வச்சிருவாரு. நான் எழுத மாட்டேன்."

நாறும்பூநாதன் அவளைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"அவகிட்ட சொல்லு," என்றார். "வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்குன்னு சொல்லு. அவ இஷ்டத்துக்கு ஆடுததுக்கு இது..."

நெல்லையம்மாள் முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். மாலதி வழக்கம்போல இரண்டாம் தடவை கேட்பதற்காகக் காத்திருந்தாள்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள் நெல்லையம்மாள். "அதான் பேரு வாயில வந்துட்டுல்லா."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் நெல்லையம்மாள் ஒரு செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் விட்டது இதுதான் முதல் தடவை.

நாறும்பூநாதனின் போன் அடித்தது. சைட் இரைச்சலில் பழகியதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். பொன்னுச்சாமியின் குரல் ஹாலெல்லாம் கேட்டது.

"அண்ணாச்சி, பயலுவ எல்லாம் உக்காந்து பேசிட்டோம். ஒங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. சின்னம்மா நாளைக்கு சைட்டுல நின்னா ஒருத்தனும் கரண்டியத் தொட மாட்டான். சித்தாளுக்குக் கரண்டிக் கூலின்னா நாங்க எதுக்கு இருக்கோம்?"

நாறும்பூநாதனிடம் ஜெயித்த முகம் இல்லை. போனை அணைக்காமல் மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலதி சிவபிரசாத்தைப் பார்த்தாள். சாவி அவன் விரலில் சுற்றுவதை நிறுத்தியிருந்தது.

"காலையில என்னைக் கொண்டு விடுவீங்களா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டான். முதல் பஸ் எப்போது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் மேசைப் பக்கம் குனிந்தாள்.

"அண்ணாச்சி, மாலதி பேசுதேன். நாளைக்கு நீங்க யாரும் கரண்டியத் தொட வேண்டாம். ஒண்ணு செண்பகம் அக்கா கையில இருக்கு. கல் எடுத்துக் குடுக்க நான் இருக்கேன். அந்தக் கிழக்குச் சுவர நாங்க ரெண்டு பேரும் கட்டுதோம். கோணிச்சின்னா இடிச்சிட்டு மறுபடி கட்டுதோம்."

"என்ன மாலதியம்மா," என்றார் பொன்னுச்சாமி, "வெளையாடுதீகளா?"

"இல்ல அண்ணாச்சி," என்றாள் அவள். "வேலை பாக்கேன்."